பழைய விளையாட்டுப் பூங்காவை மாற்றிக் கட்டியபோது உங்களுக்கு மறக்காமல் நிற்பது எது?

படியோரம்

எங்கள் பூங்காவில் பழைய சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துத் திறந்து ஒரு மாதம் ஆகிறது. கூட்டம் போட்டார்கள், மூன்று வரைபடம் காட்டினார்கள், பிடித்ததற்குக் கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். அதை விடுங்கள். திறப்பு அன்று நடந்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை.

என் மகளுக்கு ஆறு வயது. புதுச் சறுக்குமரத்தில் ஏறவே இல்லை, அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இரண்டு சுற்று முடிந்ததும் என்னிடம் வந்து, “அம்மா, இதுக்குக் கதவு எங்கே?” என்று கேட்டாள்.

பழைய சறுக்குமர மேடைக்கு அடியில் குனிந்து நுழைகிற அளவு இடம் இருந்தது. பிள்ளைகளுக்கு வீடு, கடை, ஆஸ்பத்திரி எல்லாமே அதுதான். கூழாங்கல்லை எண்ணிக் காசாகக் கொடுத்து இலை வாங்குவார்கள். புதியதில் அந்த இடத்தை நாலு பக்கமும் வண்ணப் பலகையால் அடைத்துவிட்டார்கள். வரைபடத்தில் அந்தப் பலகைகளைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொன்னதும் நான்தான். எதிர் பெஞ்சில் வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அவர்கள் எங்கே விளையாடினார்கள் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

பராமரிப்பில் 14 வருடம்

மேலே எழுதிய சகோதரியின் வருத்தம் புரிகிறது. ஆனால் பழையதே நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு ஊஞ்சல் கால் கண்ணில் வரும்.

மரக்கால். புதுப் பெயின்ட், ஆட்டிப் பார்த்தால் அசையாது. அடிமண்ணை ஒரு சாண் தோண்டி ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். பிடிவரை உள்ளே போனது. அதே சட்டத்தின் மறுமுனை ஊஞ்சலில் ஒரு பையன் நின்றபடி வீசி ஆடிக்கொண்டிருந்தான். எனக்குக் குரல் எழும்பவில்லை. கையைக் காட்டித்தான் அவனை இறக்கினேன்.

மரம் அழுகுவதும் இரும்பு துரு ஏறுவதும் பெரும்பாலும் மண்ணை ஒட்டிய இடத்தில்தான். பெயின்ட் அதை மறைத்துவிடும். அப்புறம் கம்பி இடைவெளி. விளையாட்டுச் சாமான்களுக்கான ஐரோப்பியத் தரவிதி இ.என். 1176 சொல்லும் அளவு 89 மில்லிமீட்டர், 230 மில்லிமீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும், தலை நுழையாது. கால் முதலில் போய்விட்டால் கழுத்தில் தொங்க வேண்டியதுதான். பழைய ஏணிகளில் இதை யாரும் பார்த்ததில்லை. உங்கள் பூங்காவில் பலகை அடித்தவர்களும் இதை நினைத்தே அடித்திருக்கலாம்.

ஒரே ஒரு தடவை

பூங்கா புதிதானது, நானும் உற்சாகத்தில் இருந்தேன். ஒன்றரை வயதுப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கினேன். அவன் ஷூ ஓரத்தில் உரசி நின்றது, நான் நிற்கவில்லை. என் எடை இழுத்துக்கொண்டு போனது. அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. தனியாகச் சறுக்கியிருந்தால் கால் மாட்டியதும் அவனே நின்றிருப்பான் என்று டாக்டர் சொன்னார். கட்டுப் பிரித்து அவன் ஓடுகிறான். எனக்குத்தான் அந்த ரப்பர் உரசிய சத்தம் இன்னும் கேட்கிறது. இந்த ஆபத்தைச் சொல்லும் பலகை ஒன்றுகூட அங்கே இல்லை.

மரநிழல்

எங்கள் பூங்காவை மாற்றும்போது நடுவில் நின்ற பெரிய மரத்தை வெட்டிவிட்டார்கள். மறு கோடையில் மதியம் முழுக்கப் பூங்கா காலி. அவ்வளவுதான் என் கதை.

இனி யார் கட்டப்போகிறீர்களோ, தயவுசெய்து இதைப் படியுங்கள். முதலில் நிற்கிற மரங்களைக் குறித்துக்கொண்டு அப்புறம் சாமான்களுக்கு இடம் பாருங்கள். உலோகச் சறுக்குமரத்தை உச்சி வெயில் நேரே விழாத திசை பார்த்து வையுங்கள். ரப்பர் தரையும் வெயிலில் சுடும், வெறுங்காலோடு ஓடுகிற குழந்தைகளை நினையுங்கள். விழுந்தால் அடிபடாமல் இருக்கத் தரையில் மரச்சீவல் போடுவதானால் தாராளமாகப் போடுங்கள். 2 மீட்டர் உயரத்திலிருந்துவரை விழுகிற இடத்துக்கு 20 சென்டிமீட்டர் ஆழம், 3 மீட்டர்வரை 30, இரண்டிலும் கலைந்து போவதற்கென்று கூடுதலாக 10. ஊஞ்சலுக்குக் கீழேயும் சறுக்குமரம் முடிகிற இடத்திலும் கால் பட்டுப்பட்டுப் பள்ளமாகிவிடும், அடிக்கடி இழுத்துச் சமப்படுத்த ஆள் வேண்டும். சின்னக் குழந்தைகள் நடந்து போகிற பாதை ஊஞ்சல் வீசுகிற பக்கம் வரக்கூடாது. மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, சாமான்களை நிறைய அடுக்காதீர்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947 முதல் 1978 வரை 700க்கு மேற்பட்ட விளையாட்டிடங்களை வடிவமைத்தார். மணல்குழி, வளைந்த இரும்புக் கம்பிகள், தாவிக் கடக்கச் சில கல்திட்டுகள், பெரும்பாலும் இவ்வளவுதான். மணல்குழியின் விளிம்பு ஒருவனுக்கு இருக்கை, இன்னொருவனுக்குக் கடை.

சக்கரநாற்காலியின் பின்னால்

மேலே “மரநிழல்” என்ற பெயரில் எழுதியவரே, மரச்சீவல் ஆழத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். என் மகனின் சக்கரநாற்காலி அதில் நாலடி உருள்வதற்குள் புதைந்துவிடும். அப்புறம் நான் தூக்க வேண்டும். அவனுக்கு இப்போது பத்து வயது.

எங்கள் புதுப் பூங்காவில் எல்லாக் குழந்தைகளுக்குமானது என்று எழுதிப் போட்டு நீளமான சாய்தளம் கட்டினார்கள். ஏறினோம். உச்சியில் ஒரு சறுக்குமரம், ஒரு வலை. இரண்டும் அவனுக்கு ஆகாது. கொஞ்ச நேரம் மற்றவர்களைப் பார்த்துவிட்டு, “போலாம்ப்பா” என்றான்.

இன்னொரு பூங்காவில் தரையோடு தரையாகப் பதித்த ராட்டினம் இருந்தது. சக்கரநாற்காலியோடு நேரே உள்ளே போய் பிரேக் போட்டுக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஒரு சிறுமி ஓடிவந்து கம்பியைப் பிடித்தாள். என்னைப் பார்க்கவே இல்லை, அவனிடமே கேட்டாள்: “மெதுவாவா, வேகமாவா?” “வேகமா!” அந்தக் குரலில் அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. அந்தச் சாய்தளத்துக்குப் பதில் இப்படி ஒன்று போதுமே என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

படியோரம்

“பராமரிப்பில் 14 வருடம்” என்ற பெயரில் எழுதியவரே, பழையது அப்படியே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் கால்களும் துருவேறியிருந்தன, எடுத்தது சரிதான். ஒரு பக்கப் பலகையையாவது கழற்றச் சொல்லி எழுதிக்கொடுக்கப் போகிறேன். கழற்றினால் நீங்கள் சொன்ன அந்த ஆபத்தான இடைவெளி வருமா?

பராமரிப்பில் 14 வருடம்

பாதிப் பலகையை விட்டு மேலே மட்டும் ஜன்னல் போல் திறந்தால் வரலாம். தரைவரை முழுக்க எடுத்துவிடச் சொல்லுங்கள். தரையே கீழ் எல்லையாக இருந்தால் குழந்தை காலை ஊன்றிக்கொள்ளும், தொங்காது. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனைகளுக்கு மூடி போடச் சொல்லி அதே கடிதத்தில் எழுதுங்கள். கழற்றுவதற்கு முன் அடியில் புகுந்து ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.