இடது மேக்னெட்டோவைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா? (செஸ்னா 172பி)

வால்காற்று:
உள்ளே இருப்பது லைகாமிங் ஓ-320-டி2ஜே எஞ்சின், பிளக்குக்குப் பொறி தருவது இடதும் வலதுமாக இரண்டு மேக்னெட்டோ. போன வாரம் ரன்-அப்பில் (கிளம்பும் முன் செய்யும் எஞ்சின் சோதனை) 1700 ஆர்பிஎம் வைத்துச் சாவியை வலது மேக்னெட்டோ மட்டும் ஓடும்படித் திருப்பினேன், 60 இறங்கியது. இடதுக்குத் திருப்பினால் 140 இறங்கி எஞ்சின் உதறவும் செய்தது. 125-க்கு மேல் இறங்கக்கூடாது, இரண்டுக்கும் 50-க்கு மேல் வித்தியாசமும் கூடாது என்று கையேட்டில் இருப்பதால் அப்படியே ஹேங்கருக்குத் திரும்பிவிட்டேன். இடதைக் கழற்றினால் பாயின்ட் (உள்ளே திறந்து மூடும் மின்தொடுப்பு) குழி விழுந்து கிடக்கிறது. மேக்னெட்டோவுக்கான 500 மணி நேர சோதனையையும் தாண்டிவிட்டேன், திட்ட வேண்டாம். இடது பக்கம் ஷுர்ஃப்ளை என்ற எலக்ட்ரானிக் இக்னிஷனைப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். போடலாமா?

பழைய ஸ்பானர்:
திட்டத்தான் வேண்டும், இருக்கட்டும். போடாதே தம்பி. மேக்னெட்டோ யாரையும் அண்டிப் பிழைப்பதில்லை. எஞ்சின் சுற்றுகிறது, கூடவே காந்தம் சுற்றுகிறது, பாயின்ட் திறக்கிற கணத்தில் காயிலில் வோல்டேஜ் எகிறி பிளக்கில் பொறி விழுகிறது, அவ்வளவுதான் சங்கதி. ஆல்டர்னேட்டர் போகட்டும், பேட்டரி சாகட்டும், எஞ்சின் அது பாட்டுக்கு ஓடும். ஷுர்ஃப்ளை பேட்டரியை நம்பிப் பிழைப்பது.

ஆர்வி7காரன்:
அண்ணே, யாரையும் அண்டாத சாமான் ஏன் 500 மணிக்கு ஒருமுறை பட்டறைக்கு வருகிறது? கேமில் உரசுகிற துண்டு தேய்ந்து டைமிங் நகர்கிறது, கார்பன் பிரஷ் தேய்கிறது, கண்டன்சர் போகிறது. டிவிஎஸ் 50-ல் பாயின்ட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. மொபெட்டே அதைத் தூக்கிப்போட்டுப் பல காலம் ஆகிறது. ஷுர்ஃப்ளை வயரைப் பேட்டரியிலிருந்து நேராக இழுப்பதும் மாஸ்டர் சுவிட்சை அணைத்தால்கூட ஓட வேண்டும் என்றுதான்.

பெரிய விஷயம் டைமிங். உங்கள் மேக்னெட்டோவுக்குத் தெரிந்தது ஒரே கணக்கு: பிஸ்டன் உச்சிக்கு வர 25 டிகிரி இருக்கும்போது பொறி. தரையில் முழு த்ராட்டிலுக்கும் அதே 25, எட்டாயிரம் அடியில் காற்று மெலிந்து, நாமும் லீன் செய்து (எரிபொருளைக் குறைத்து), கலவை மெதுவாக எரியும்போதும் அதே 25. மெதுவாக எரிகிறதென்றால் கொஞ்சம் முன்னதாகப் பற்றவைக்க வேண்டாமா? எலக்ட்ரானிக் மேனிஃபோல்ட் பிரஷரை (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை) பார்த்து அதைச் செய்கிறது. என் விமானத்தில் இரண்டு பக்கமும் பி-மேக் எலக்ட்ரானிக் இக்னிஷன்தான்.

பழைய ஸ்பானர்:
மொபெட் நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம்.

ஆர்வி7காரன்:
இந்த வசனம் இன்னும் வரவில்லையே என்று பார்த்தேன்.

பழைய ஸ்பானர்:
சரி, வசனத்தை விடு. முன்னதாகப் பற்றவைத்தால் சிலிண்டர் தலையில் சூடு ஏறுமே, அதை ஏன் சொல்லவில்லை? தம்பி ஆயிரம் அடியில் ஊரைச் சுற்றுகிற ஆள் என்றால் டைமிங் மாறி என்ன மிச்சமாகப் போகிறது? உன்னுடையது எக்ஸ்பெரிமென்டல் வகை, சான்றிதழ் கட்டாயமில்லை, என்ன வேண்டுமானாலும் மாட்டுவாய். அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் விதி 33.37 என்ன சொல்கிறது? சிலிண்டருக்கு இரண்டு பிளக், இரண்டு தனிச் சுற்று, அவற்றுக்குத் தனித்தனி மின்மூலம், இல்லாவிட்டால் அதற்கு ஈடான நம்பகம். நாளைக்கு வலது பக்கமும் மாற்றி அதே பேட்டரியில் கோத்தால் இரண்டு இக்னிஷன் என்று சொல்லாதே, அது இரண்டு பிளக் வைத்த ஒரே இக்னிஷன்.

ரோட்டாக்ஸ் ராசா:
குறுக்கே வருகிறேன். எலக்ட்ரானிக் என்றாலே பேட்டரி என்று யார் சொன்னது? ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் பாயின்ட்டும் இல்லை, பொறிக்குப் பேட்டரியும் வேண்டாம், இரண்டு சிடிஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன்) பெட்டிக்கும் ஜெனரேட்டர் பக்கத்துக் காயிலிலிருந்தே மின்சாரம். இன்ஜெக்ஷன் வைத்த 912 ஐஎஸ் வேறு கதை, அதற்குக் கரன்ட் இல்லாமல் முடியாது.

ஆர்வி7காரன்:
பி-மேக்கும் அப்படித்தான், உள்ளேயே குட்டி ஆல்டர்னேட்டர். கிளப்பும்போதும் ஐடிலிலும் மட்டும் வெளியிலிருந்து கரன்ட் வாங்கும். அப்புறம் அண்ணே, மேக்னெட்டோ இரண்டு என்றால் இரண்டாகிவிடுமா? 172என்-ல் வந்த எச்2ஏடி எஞ்சினைப் பாருங்கள். ஒரே கூட்டுக்குள் இரண்டு மேக்னெட்டோ, சுற்றுவது ஒரே ஷாஃப்ட். அதுவும் சான்றிதழ் வாங்கிப் பறந்ததுதான்.

பழைய ஸ்பானர்:
அந்த இரட்டைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆர்வி7காரன்:
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிளப் விமானத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது புரொப்பெல்லரைக் கையால் ஒரு சாண் நகர்த்தினேன். கிளப்பும்போது மேக்னெட்டோவை வெடுக்கென்று சுற்றிவிடும் இம்பல்ஸ் கப்ளிங் 'டக்' என்றது, கூடவே ஒரு சிலிண்டர் பட்டென்று வெடித்து பிளேடு என் விரல் நுனியை உரசிக்கொண்டு போனது. சாவி என் பாக்கெட்டில் இருந்தது! பி-லீட் வயர் அறுந்திருக்கிறது, சாவியை அணைக்கும்போது அது எர்த்தில் (எஞ்சின் உடம்பில்) இணைந்தால்தானே மேக்னெட்டோ அடங்கும். யாரையும் அண்டாது என்று நீங்கள் பெருமையாகச் சொன்னதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது.

பழைய ஸ்பானர்:
அது மேக்னெட்டோவின் குற்றமில்லை, பார்க்காமல் விட்டவர்களின் குற்றம். நிறுத்துவதற்கு முன் ஐடிலில் சாவியை ஒரு நொடி ஆஃபுக்குத் தட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் அடங்கப் பார்த்தால் சரி, அடங்காவிட்டால் எங்கோ வயர் விட்டிருக்கிறது. இங்கே எத்தனை பேர் செய்கிறீர்கள்?

வால்காற்று:
நான் செய்ததில்லை. சரி, இடது பக்கம் மட்டும் மாற்றினால்?

பழைய ஸ்பானர்:
ஒன்று மட்டும் என்றால் தடுக்கவில்லை. பிடித்துப்போய்ச் சொல்லவில்லை, வலது பக்கம் மேக்னெட்டோ இருக்கிறதே, அதனால். ஆனால் ரன்-அப்பில் பயந்துவிடாதே. மேக்னெட்டோவை அணைத்தால் ஊசி அவ்வளவாக அசையாது, எலக்ட்ரானிக்கை அணைத்தால் நன்றாகவே இறங்கும். வலதையும் திறந்து பார், இரண்டையும் ஒரே நாளில் பூட்டியிருந்தால் அதுவும் 500 தாண்டியிருக்கும். அது சரி, உன் பேட்டரிக்கு வயது என்ன?

வால்காற்று:
ஸ்டிக்கர் அழிந்துவிட்டது. நான் விமானம் வாங்கும்போதே உள்ளே இருந்தது.

ஆர்வி7காரன்:
வாங்கி எத்தனை வருடம்?

வால்காற்று:
ஐந்து.

ஆர்வி7காரன்:
முதலில் அதை மாற்றுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

பழைய ஸ்பானர்:
இதில் மட்டும் அவன் சொல்வதைக் கேள்.