5 வருட டெபாசிட் போட்டால் முதிர்வு தேதி 1930-க்குப் போகிறது! கிளிப்பர் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

சங்கக்கணக்கு: வணக்கம். நான் வேலை பார்க்கும் கடன் சங்கத்தில் கணக்கெல்லாம் இன்னும் டாஸ் காலத்து டேட்டாபேஸ் மொழியான கிளிப்பர் 5.2-ல் எழுதிய புரோகிராமில்தான். விண்டோஸ் 10-ல், பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போட்டு ஓட்டுகிறோம். 2025 ஜனவரியிலிருந்து போட்ட 5 வருட டெபாசிட் எல்லாம், ரசீது கிழித்த அன்றைக்கே "முதிர்ந்தவை" பட்டியலில் வந்து நிற்கிறது. வட்டி மைனஸில். 1 வருடம், 2 வருடம் சரியாக இருக்கிறது. புரோகிராமின் சோர்ஸ் கைவசம் உண்டு. மெயின் ஃபைலில் "செட் இபாக் டு 1930" என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அதுதான் காரணமா?

டாஸ்_ராஜா: அதேதான். ஒய்2கே (2000-ஆம் ஆண்டு தேதிச் சிக்கல்) சமயத்தில் யாரோ போட்ட வரி. வருடம் இரண்டு இலக்கமாக வந்தால் 30 முதல் 99 வரை 1900-கள், 00 முதல் 29 வரை 2000-கள் என்று எடுத்துக்கொள்ளும். 1950 என்று மாற்றி கம்பைல் பண்ணுங்கள், 2049 வரை கவலை இல்லை.

சங்கக்கணக்கு: உறுப்பினர் பிறந்த தேதியையும் இதே மாதிரி இரண்டு இலக்கத்தில்தான் அடிக்கிறோம் சார். 1938-ல் பிறந்த பெரியவர் 2038 ஆகிவிடுவாரே? மூத்த குடிமக்கள் வட்டி போய்விடும்.

பழைய டிபேஸ்: தம்பி சொல்வது சரி. இபாக் எங்கே வைத்தாலும் 100 வருடம்தான். தலையை மூடினால் கால் தெரியும் போர்வை. பிறந்த தேதி 1932, முதிர்வு 2035 இரண்டும் ஒரே இபாக்கில் அடங்காது. "செட் செஞ்சுரி ஆன்" போட்டு நாலு இலக்கமாகவே அடியுங்கள். திரையில் தேதிக் கட்டம் 8 எழுத்திலிருந்து 10 ஆகும், பக்கத்தில் இருப்பதை இரண்டு காலம் தள்ளி வையுங்கள். அது சில்லறை வேலை.

சங்கக்கணக்கு: போட்டுப் பார்த்தேன் அண்ணா. இப்போது எந்த வருடத் தேதியில் 5 வருட டெபாசிட் போட்டாலும் முதிர்வு 2025 என்றே வருகிறது!

பழைய டிபேஸ்: முதிர்வு கணக்கிடும் வரியை அப்படியே ஒட்டுங்கள்.

சங்கக்கணக்கு: தேதியை டிடிஓசி-யால் எழுத்தாக்கி, சப்ஸ்டர் 7, 2 என்று அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அதோடு 5 கூட்டி, திரும்ப சிடிஓடி-யால் தேதியாக்குகிறார்கள்.

பழைய டிபேஸ்: நினைத்தேன். முன்பு அது 05/06/25 என்று இருந்தது, 7-வது எழுத்திலிருந்து இரண்டு எடுத்தால் 25. இப்போது 05/06/2025. அதே இடத்தில் 20 இருக்கிறது. 20-உம் 5-உம் 25. சப்ஸ்டரை எடுத்துவிட்டு இயர் ஃபங்ஷனில் வருடத்தை வாங்கி 5 கூட்டுங்கள், எஸ்டிஆர்-ல் 4 இலக்க எழுத்தாக்கி, நாள் மாதத்தோடு சேர்த்து சிடிஓடி-க்குக் கொடுங்கள். இன்னொன்று: பிப்ரவரி 29-ல் போட்ட டெபாசிட் இருந்தால் 5 வருடம் கழித்து அந்தத் தேதியே கிடையாது, சிடிஓடி வெற்றுத் தேதி தரும். அதற்குத் தனியாக ஒரு இஃப் நிபந்தனை வேண்டும்.

சங்கக்கணக்கு: புது என்ட்ரி சரியாகிவிட்டது! ஏற்கெனவே 1930 என்று ஏறியவை? செஞ்சுரி ஆன் போட்டும் மாறவில்லையே.

பழைய டிபேஸ்: மாறாது. தகவல் சேமிக்கும் டிபிஎஃப் ஃபைலில் தேதி எப்போதுமே வருடம் 4, மாதம் 2, நாள் 2 என்று 8 எழுத்தாகத்தான் உட்காரும். உங்கள் ஃபைலில் 1930 என்றே எழுதியாகிவிட்டது, செஞ்சுரி வெறும் காட்சிக்குத்தான். முதலில் ஃபைலை வேறு இடத்தில் காப்பி எடுங்கள். பிறகு முதிர்வு தேதி காலியாக இல்லாமல், டெபாசிட் தேதியைவிடச் சிறியதாக இருக்கும் ரெக்கார்டுகளுக்கு மட்டும், மொத்தமாக மாற்றும் ரீப்ளேஸ் ஆல் கட்டளை போட்டு முதிர்வு தேதியோடு 36525 நாள் கூட்டுங்கள். 2000 லீப் வருடம் என்பதால் 1930-களின் எந்தத் தேதிக்கும் சரியாக 100 வருடம் நகரும்.

டாஸ்_ராஜா: காலி என்பதையும் சேர்க்கச் சொன்னது நல்லது, நான் விட்டிருப்பேன். ரெக்கார்டுகளை வரிசைப்படுத்தும் இண்டெக்ஸ் ஃபைலை என்ன செய்வது?

பழைய டிபேஸ்: டிடிஓசி வைத்து இண்டெக்ஸ் கட்டியிருந்தால் கீ நீளம் 8-லிருந்து 10 ஆகியிருக்கும், பழைய என்டிஎக்ஸ் (இண்டெக்ஸ் ஃபைல்) உதவாது. அழித்துவிட்டு, வருடத்தை முன்னால் வைக்கும் டிடிஓஎஸ் வைத்துப் புதிதாகக் கட்டுங்கள். தேதி வரிசையும் அப்போதுதான் ஒழுங்காக வரும். டிடிஓசி நாளை முன்னால் வைத்து வரிசைப்படுத்தும், 01/12/2024-க்குப் பிறகுதான் 02/01/2024 வரும்.

சங்கக்கணக்கு: ஓ, அதனால்தான் தினசரி முதிர்வுப் பட்டியல் இத்தனை நாளும் கலைந்து கலைந்து வந்ததா! இன்று சாயந்திரம் கவுண்டர் மூடியதும் கட்டுகிறேன் அண்ணா.