ஐம்பது வரை சொல்கிறாள், மூன்று ஸ்பூன் எடுத்து வரத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி: திருப்பூர் அம்மா

என் மகளுக்கு மூன்றரை வயது. ஒன்றிலிருந்து ஐம்பது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் "மூணு ஸ்பூன் எடுத்துட்டு வா சாமி" என்றால் கைக்கு அகப்பட்டதை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து நிற்கிறாள். எண்ணிப் பார் என்றால் ஒரே ஸ்பூனை இரண்டு தடவை தொடுகிறாள், இல்லாவிட்டால் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறாள். பேச்சிலும் கொஞ்சம் கவலை. வாக்கியமாகத்தான் பேசுகிறாள், ஆனால் பாதிப் பொருளுக்கு அவளிடம் "அது", "இது" மட்டும்தான். நானும் கணவரும் பனியன் கம்பெனிக்குப் போகிறோம், பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். வரும் ஜூனில் எல்கேஜி. ஃப்ளாஷ் கார்டு வாங்கு, அபாகஸில் சேர் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சாயங்காலம் அவளோடு எனக்குக் கிடைப்பது சமையல் நேரம்தான். அதில் என்ன செய்ய முடியும்?

பதில்: அங்கன்வாடி டீச்சர்

முதலில் பயத்தை விடுங்கம்மா. மூன்றரை வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இப்படித்தான். வரிசையாகச் சொல்வது ஒரு திறமை, எண்ணுவது வேறு திறமை. எண்ணுவதற்கு ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று விட்டுப்போகாமல், இரண்டு தடவை தொடாமல் போக வேண்டும், அப்புறம் கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்றும் புரிய வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டம். அவள் எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள், உடனே திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் அது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். பிள்ளைகள் முதலில் "ஒன்று" என்பதைச் சரியாக எடுத்துக் கொடுப்பார்கள், சில மாதம் கழித்து இரண்டு, அப்புறம் மூன்று. ஒவ்வொரு படிக்கும் மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குப் பிறகு எந்த எண்ணைக் கேட்டாலும் எண்ணிக் கொடுக்க வரும்.

அதனால் ஐம்பதைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஐந்துக்குள் இருங்கள். தட்டில் இட்லி வைக்கும்போது மொத்தத்தை முதலில் சொல்லிவிட்டு எண்ணிக் காட்டுங்கள்: "மூணு இட்லி இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு இட்லி." பொருளை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நகர்த்தி நகர்த்தி எண்ணச் சொல்லுங்கள், நகர்த்தியது திரும்பக் கணக்கில் வராது, அவள் இரண்டு தடவை தொடுவது தன்னால் குறையும். சாப்பிட உட்காரும்போது ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று அவளையே வைக்கச் சொல்லுங்கள். டம்ளர் ஒன்று குறைந்தால் நீங்கள் சொல்லாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும்.

புளியங்கொட்டை எண்ணுவதற்கு ரொம்ப நல்லது, ஆனால் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும், வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். பக்கத்தில் ஆள் இல்லாமல் கொடுக்காதீர்கள். அபாகஸ் வகுப்புக்கு இந்த வயதில் அவசியமே இல்லை.

பதில்: மதுரை அப்பா

வார்த்தைக்குச் சமையலறையை விட நல்ல இடம் இல்லை அக்கா. ஃப்ளாஷ் கார்டில் வருவது முக்கால்வாசி பெயர்கள்: யானை, ஆப்பிள், கார். வினைச்சொல் அதில் எங்கே வருகிறது? என் மகனை முருங்கைக்கீரையோடு உட்கார வைப்பேன். காம்பைப் பிடித்து எதிர்ப்பக்கமாக உருவினால் இலை மொத்தமாகக் கையில் வரும், அதைச் செய்துகொண்டே "உருவு, மெதுவா உருவு, பழுத்த இலையைக் கிள்ளிப் போடு, இந்தக் காம்பு முத்திப்போச்சு, இது இளசு" என்று பேசிக்கொண்டே இருப்பேன். பூண்டு உரிப்பது, எலுமிச்சை பிழிவது, பருப்பு களைவது, மாவு பிசைவது, வெல்லம் தட்டுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சொல் இருக்கிறது. கையால் செய்த சொல் பிள்ளைக்கு மறக்காது.

"அது வேணும்" என்றால் "பேரைச் சொன்னாத்தான் தருவேன்" என்று மிரட்ட வேண்டாம். "எது, அந்தச் சல்லடையா? மாவு சலிக்கவா?" என்று நீங்கள் முழுசாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அவள் "பூனை" என்றால் "ஆமா, பூனை சுவர் மேல சுருண்டு படுத்திருக்கு" என்று ஒன்றிரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ஏதாவது கேட்டால் அவள் பதில் சொல்லும் வரை பொறுமையாக இருங்கள், நாம்தான் அவசரப்பட்டு நாமே சொல்லிவிடுகிறோம். தூங்கும் முன் ஒரு படக்கதை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அலுக்காமல் படியுங்கள், நடுவில் நிறுத்தி "ஏன் அழுவுது?", "இப்ப என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

பதில்: ஆரம்பக் கல்வி ஆசிரியை

டீச்சர் சொன்னதோடு ஒரு விளையாட்டைச் சேர்க்கிறேன். அமெரிக்காவில் ரமணி, சீக்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு இது. ஒன்று முதல் பத்து வரை நேர்க்கோட்டில் கட்டம், ஒன்று அல்லது இரண்டு விழும் சுழற்றி, அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, தடவைக்குக் கால் மணி நேரம் விளையாடினார்கள். எது பெரிய எண் என்று சொல்வது, எண்ணுவது, எண்ணைப் பார்த்து அடையாளம் சொல்வது எல்லாம் முன்னேறியது. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட கட்டத்தில் விளையாடிய பிள்ளைகளுக்கு அந்த முன்னேற்றம் இல்லை.

வீட்டில் சாக்பீஸால் தரையில் பத்துக் கட்டம் போட்டால் போதும். ஒன்று மட்டும் முக்கியம்: ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் காய் இரண்டு கட்டம் நகர்ந்தால் "ஒன்று, இரண்டு" என்று சொல்லக் கூடாது, கட்டத்தில் இருக்கும் எண்ணான "ஆறு, ஏழு" என்று சொல்ல வேண்டும். பாட்டி வீட்டில் இருக்கிறார் என்றால் பல்லாங்குழியும் ஆகும். 14 குழி இப்போதைக்கு வேண்டாம், ஐந்து குழியில் குழிக்கு ஒரு சோழி போட்டுக்கொண்டே போகட்டும்.

இன்னொன்று, ஐம்பது வரை ஒப்பிப்பதை வீண் என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். எண்களின் வரிசை மாறாமல் வாயில் வருவதும் எண்ணுவதற்குத் தேவையான ஒரு பகுதிதான்.

கேள்வி: திருப்பூர் அம்மா

எல்லாருக்கும் நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். பள்ளியில் ஒன், டூ என்பார்கள், வீட்டில் தமிழில் எண்ணினால் குழம்புவாளா? மாமியார் பாட்டுக்காகப் போனில் ரைம்ஸ் போட்டுவிடுகிறார், பரவாயில்லையா? இப்போதே எழுதப் பழக்கலாமா?

பதில்: அங்கன்வாடி டீச்சர்

குழம்ப மாட்டாள். மூன்று என்றால் எவ்வளவு என்று ஒரு மொழியில் புரிந்துவிட்டால் இன்னொரு மொழியில் பெயரை மட்டும் பழகினால் போதும். பத்துக்கு மேல் தமிழ் இன்னும் சுலபம், பதினொன்றில் பத்தும் ஒன்றும் காதிலேயே விழும். லெவன், ட்வெல்வில் அது இல்லை.

போன்: இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. பாட்டியே பாடட்டும். போன் இவள் சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லாது, பாட்டி சொல்வார்.

பேச்சு போகப்போகக் கூடவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை, வெளியாட்களுக்கு அவள் பேச்சு பெரும்பாலும் புரியவில்லை என்றால் காத்திருக்காமல் காதைப் பரிசோதித்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வார்கள், அங்கே பேச்சுப் பயிற்சியும் உண்டு.

எழுதுவதற்கு அவசரமே வேண்டாம். சப்பாத்தி மாவை உருட்டட்டும், கிள்ளட்டும், தட்டில் ரவையைப் பரப்பி விரலால் கோடு போடட்டும். விரலில் பலம் வந்த பிறகு பென்சில் கொடுத்துக்கொள்ளலாம்.