சூடானால் நின்றுவிடும் மோரிஸ் மெரினா 1.8: பெட்ரோலா, கரண்டா?

மெரினா75:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1975 மோரிஸ் மெரினா 1.8, நான்கு கதவு வண்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்துத் துடைத்து உள்ளே வைக்கிற வண்டி இல்லை. மூன்று வருடமாக வேலைக்குப் போய்வருவது இதில்தான், வேறு கார் கிடையாது. ரெடிங்கில் வீடு, ஆக்ஸ்ஃபோர்டு ஹெடிங்டனில் வேலை. ஏ4074 ரோட்டில் வாலிங்ஃபோர்டு தாண்டிப் போவேன். ஒரு பக்கம் கிட்டத்தட்ட 25 மைல். உப்பு போட்ட குளிர்கால ரோட்டிலும் ஓடியிருக்கிறது. நாற்பது வருடம் தாண்டிய வண்டி என்பதால் எம்ஓடி (வருடாந்திர தகுதிச் சோதனை) கட்டாயமில்லை. இருந்தாலும் வருடா வருடம் காட்டிவிடுகிறேன்.

மே மாதம் வெயில் ஆரம்பித்ததிலிருந்து ஒரு பிரச்சினை. காலையில் சோக்கை இழுத்து செல்ஃப் அடித்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. வழியெல்லாம் நன்றாக வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்குள் நுழைகிற ஹேஃபர்ட் ஹில் ரவுண்டானாவில் வரிசையில் நின்று நின்று நகரும்போது முதலில் இரண்டு மூன்று மிஸ்ஸிங். அப்புறம் யாரோ சாவியைத் திருகின மாதிரி எஞ்சின் நின்றுவிடும். செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் ஒரு வெடிகூட வராது. இருபது நிமிடம் பானெட்டைத் திறந்து வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். டெம்பரேச்சர் முள் நடுவிலேதான் நிற்கிறது. இரண்டு வாரத்தில் ஐந்து தடவை ஆகிவிட்டது.

போன வியாழக்கிழமை பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவரே இறங்கி வந்து ஓரமாகத் தள்ள உதவினார். அவருடைய அப்பா கௌலி தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். "இது அங்கே செய்த வண்டிதானே" என்று கேட்டுவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அந்தத் தொழிற்சாலையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

இதுவரை செய்தவை: பெட்ரோல் பம்புக்குப் புது ரிப்பேர் கிட், ரப்பர் குழாய் எல்லாம் எத்தனால் தாங்கும் ஆர்9 வகை, புது ஃபில்டர். எஸ்யூ கார்பரேட்டரின் ஃப்ளோட் சேம்பரைக் கழுவினேன். ப்ளக், ரோட்டர் புதிது. காயிலுக்குப் போகும் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டும், அதோடு வரும் கண்டென்சரும் இரண்டு தடவை மாற்றியாயிற்று. பொறிக்கு உயர் வோல்ட் கொடுக்கும் காயிலும் மார்ச் மாதம்தான் ஒரு கராஜில் மாற்றினார்கள் (பழையது எண்ணெய் கசிந்தது), அதனால் அதில் கோளாறு இருக்காது.

இனி எதை மாற்றுவது? இந்த வண்டியை விற்க மனசு இல்லை.

கார்ட்டினா மார்க்3:

அறிகுறியைப் பார்த்தால் பெட்ரோல் ஆவியாகிற மாதிரி இருக்கிறது. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் என்றாலே இ10 (10 சதவீதம் வரை எத்தனால்) தான். எத்தனால் கூடினால் சூட்டில் சீக்கிரம் ஆவியாகிவிடும். உங்கள் எஞ்சினில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. நடுவில் இருக்கவேண்டிய சூடு தடுக்கும் தகடு இருக்கிறதா? பழைய வண்டிகளில் யாராவது கழற்றி வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். இன்னொன்று, டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும். அடுத்த தடவை நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று இழுத்தால் அதுதான்.

மெரினா75:

நன்றி. தகடு இருக்கிறது. வாங்கின நாளிலிருந்து சூப்பர் இ5 (எத்தனால் 5 சதவீதம் வரை) மட்டும்தான் போடுகிறேன். இன்று மாலை மறுபடி நின்றது. மூடியைத் திறந்தேன், சத்தமே இல்லை.

ஹாரோ மைனர்:

தம்பி, நான் 1970 மோரிஸ் மைனர் கார் ஓடுகிறேன். உமது மெரினாவின் முன் சஸ்பென்ஷன் எங்கள் மைனரில் இருந்து வந்ததுதான். அதே டோர்ஷன் பார், அதே லீவர் ஷாக், கீழே அதே மாதிரி ட்ரனியன் (முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு). அதனால் சொந்தக்காரர் மாதிரி உரிமையோடு சொல்கிறேன்: சாமான் மாற்றுவதை நிப்பாட்டும். வண்டி நிற்கிற இடத்தில், நிற்கிற நேரத்தில் பார்த்தால்தான் விஷயம் தெரியும். வீட்டுக்கு வந்து ஆறினபிறகு எல்லாம் சரியாய்த்தான் இருக்கும்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாது. மைனர், ஏ40, கேம்பிரிட்ஜ் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேட்டருக்குள் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வழியில் நின்றால் எங்கள் ஐயா, அதாவது அப்பா, முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: கரண்ட் வருதா, எண்ணெய் (பெற்றோல்) வருதா? ரெண்டில் எது இல்லை என்று தெரியாமல் ஸ்பானரைத் தொட விடமாட்டார்.

காயிலில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டர் (ப்ளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது) மூடியின் நடுவுக்கு வருகிற தடித்த வயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்து, எஞ்சின் இரும்புக்கு கால் அங்குலம் தள்ளி வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லும். நல்ல நீலப்பொறி பாயவேண்டும். இதை முதலில் செய்யும். எண்ணெய்க் குழாயைப் பிறகு பார்க்கலாம், சூடான மெனிஃபோல்டுக்கு மேல் பெற்றோல் சிந்தக்கூடாது.

ட்ரனியனுக்கு கடைசியாய் எப்போது கிரீஸ் அடித்தீர்?

பொள்ளாச்சி பட்டறை:

வணக்கம் தம்பி. மெரினாவை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் எஞ்சினை நன்றாகத் தெரியும். எங்கள் அம்பாசடரில் இருந்ததும் அதே பிஎம்சி பி-சீரிஸ்தான். எங்களுடையது 1489 சிசி, உங்களுடையது 1798 சிசி. நாற்பது வருடமாக அந்த எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறேன்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. சித்திரை வெயிலில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு போகும் அம்பாசடர் பாதி மலையில் நின்றுவிடும். டிரைவர்கள் எல்லோரும் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பழைய துணியும் வைத்திருப்பார்கள். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் உள்ளே ஆவியான பெட்ரோல் குளிர்ந்து வண்டி கிளம்பிவிடும். உங்களுடையதும் எஞ்சினிலேயே பொருத்திய மெக்கானிக்கல் பம்ப்தான்.

அந்தத் துணியை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். ஹாரோக்காரர் சொன்னபடி முதலில் கரண்ட் பாருங்கள். கரண்ட் இருந்தால் துணியை பம்பில் போடுங்கள். கரண்ட் இல்லையென்றால் நன்றாகப் பிழிந்த துணியைக் காயிலின் உடம்பைச் சுற்றிப் போடுங்கள். மேலே வயர் மாட்டும் இடத்தில் ஈரம் படக்கூடாது, சாவி ஆஃபில் இருக்கவேண்டும். எங்கே குளிர வைத்தால் வண்டி எழுந்திருக்கிறதோ அங்கேதான் கோளாறு. இருபது நிமிடம் சும்மா நின்றால் எல்லாமே ஆறிவிடும், ஒன்றும் தெரியாது.

காயில் புதிது என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதா பழையதா என்பதை விடுங்கள். இந்த வண்டிக்கு ஏற்ற காயில்தானா?

மெரினா75:

ஐயா, இன்று காலை அதே ரவுண்டானாவில் நின்றது. துணியும் தண்ணீரும் தயாராக வைத்திருந்தேன், கூட வேலை செய்யும் நண்பரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். ஓரமாகத் தள்ளிவிட்டு அவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி வயரைப் பிடித்தேன். பொறியே இல்லை. ஒரே ஒரு தடவை மங்கலாக மஞ்சளாய் ஒன்று, அவ்வளவுதான்.

காயிலைத் தொட்டேன். விரலை ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை, தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. பிழிந்த துணியைச் சுற்றியதும் புகை மாதிரி ஆவி வந்தது. இரண்டு தடவை நனைத்துப் பிழிந்து சுற்றினேன். ஆறே நிமிடம். செல்ஃப் அடித்தவுடன் பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் பம்பு கைவைக்க முடியாத சூட்டில்தான் இருந்தது, அதைத் தொடவே இல்லை.

பொள்ளாச்சி பட்டறை:

பிடித்துவிட்டோம் தம்பி. ஆனால் உடனே இன்னொரு காயில் வாங்கிப் போடாதீர்கள். அளக்கவேண்டியது இரண்டு.

ஒன்று: காயில் ஆறினபிறகு பக்கத்து இரண்டு சின்ன வயர்களையும் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே எத்தனை ஓம் என்று மல்டிமீட்டரில் பாருங்கள்.

இரண்டு: வயரைத் திரும்ப மாட்டி, பாயின்ட் மூடியிருக்கும் நிலையில் எஞ்சினை நிறுத்தி, சாவியை ஆன் பண்ணி, காயிலின் பிளஸ் முனைக்கும் பாடிக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பார்த்த உடனே சாவியை ஆஃப் பண்ணிவிடுங்கள். எஞ்சின் ஓடாமல் பாயின்ட் மூடியிருந்தால் காயிலுக்குள் கரண்ட் நிற்காமல் பாய்ந்துகொண்டே இருக்கும்.

மெரினா75:

அளந்தேன். முதலாவது 1.5 ஓம். இரண்டாவது 12 வோல்டுக்குக் கொஞ்சம் கீழே.

பொள்ளாச்சி பட்டறை:

அப்படியென்றால் கராஜில் மாட்டினது பலாஸ்ட் ரெசிஸ்டரோடு வேலை செய்யவேண்டிய காயில். அந்த மாதிரி வண்டியில் வழியிலேயே ஒரு ரெசிஸ்டன்ஸ் பாதி வோல்டைத் தின்றுவிடும், காயிலுக்கு ஆறு ஏழு வோல்ட்தான் போகும். உங்கள் வண்டியில் அது இல்லை. நேராக 12 வோல்ட் போகிறது. 3 ஓம் காயிலாக இருந்தால் 4 ஆம்பியர் எடுக்கும். இது 1.5 ஓம், அதனால் 8 ஆம்பியர். ஆம்பியர் இரண்டு மடங்கு, உள்ளே கிளம்பும் சூடும் இரண்டு மடங்கு. ஓடும்போது பானெட்டுக்குள் காற்று வருவதால் சமாளிக்கிறது. வரிசையில் நிற்கும்போது காற்றும் கிடையாது, கொதித்துப்போய் கைவிடுகிறது. மார்ச்சில் மாட்டியும் மே வரை தெரியாமல் இருந்தது குளிரால்தான்.

பாயின்ட் அடிக்கடி கருகியிருக்குமே? இரண்டு தடவை மாற்றினீர்கள் என்றீர்கள்.

கார்ட்டினா மார்க்3:

நடுவில் ஒரு விஷயம், வேறு யாராவது இதைப் படித்தால் உதவும். என் கார்ட்டினாவில் பலாஸ்ட் என்று தனியாக ஒரு பெட்டி கிடையாது. காயிலுக்கு வரும் வயரே ரெசிஸ்டன்ஸ் வயர், கட்டுக்குள் மறைந்து போகிறது. கண்ணால் பார்த்து இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஐயா சொன்ன மாதிரி வோல்ட் அளப்பதுதான் வழி. பெட்ரோல் என்று நான் சொன்னது தவறு, மன்னிக்கவும்.

மெரினா75:

மன்னிப்பெல்லாம் எதற்கு, நானும் பம்பைத்தான் முதலில் பிரித்தேன். ஆமாம் ஐயா, இரண்டு செட் பாயின்ட்டும் நீலம் பாய்ந்து குழி விழுந்திருந்தது. கண்டென்சர் தரமில்லை என்று நினைத்து அதையும் சேர்த்து மாற்றினேன்.

பொள்ளாச்சி பட்டறை:

3 ஓம், 12 வோல்ட் காயில் வாங்கி மாட்டுங்கள். கருகின பாயின்ட்டை எடுத்துவிட்டுப் புதிது போட்டு இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வையுங்கள், 14 முதல் 16 வரை பரவாயில்லை. பிறகு டைமிங்கை (பொறி விழும் நேரத்தை) ஒரு தடவை சரிபாருங்கள், பாயின்ட் இடைவெளி மாறினால் அதுவும் நகர்ந்திருக்கும்.

மெரினா75:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 3 ஓம் காயில் போட்டேன். புது பாயின்ட், டைமிங் எல்லாம் சொன்னபடி. அன்றிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை நல்ல வெயில், ரவுண்டானாவுக்கு முன்னால் விபத்து, 35 நிமிடம் வரிசை. மடியில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐடிலிங் ஆடவே இல்லை. ஹெடிங்டன் போய் இறங்கினதும் பானெட்டைத் திறந்து காயிலில் கை வைத்தேன். சூடுதான், ஆனால் உள்ளங்கையை வைத்தபடியே இருக்க முடிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

ஹாரோ அண்ணா, ட்ரனியனுக்குக் கிரீஸ் அடித்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அதைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. சனிக்கிழமை அடிக்கிறேன்.

ஹாரோ மைனர்:

ஒரு வருடத்தில் பத்தாயிரம் மைலுக்கு மேல் ஓடியிருப்பீர். நான் மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை அடிப்பேன். முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, பாரம் இறங்கினபிறகு அடியும், அப்பத்தான் கிரீஸ் உள்ளே போகும். பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே வந்து புதுசு தெரியும்வரை அடிக்கவேணும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாரும், ஆட்டம் இருந்தால் ஓடாமல் எனக்கு எழுதும். வண்டி நிற்பது காயிலால், ஆனால் சக்கரம் மடிவது இதால்.

மெரினா75:

சனிக்கிழமை காலையே செய்தேன் அண்ணா. இடப்பக்கம் கருப்பாக வந்து வந்து கடைசியில் சுத்தமான கிரீஸ் தெரிந்தது. வலப்பக்க நிப்பிள் அடைத்திருந்தது, மாற்றினேன். இரண்டிலும் ஆட்டம் இல்லை. ஸ்டியரிங் கொஞ்சம் லேசாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

பொள்ளாச்சி ஐயாவுக்கு ஒரு கடைசிக் கேள்வி. கழற்றின இரண்டு கண்டென்சரும் இருக்கின்றன. தூக்கிப்போட்டு விடலாமா?

பொள்ளாச்சி பட்டறை:

போடாதீர்கள். அவை ஒரு தப்பும் செய்யவில்லை, சூடு காயிலில்தான் இருந்தது. முதலில் கழற்றினதை வண்டியில் திரும்ப மாட்டி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், மிஸ்ஸிங் இல்லையென்றால் அது நல்லது. மற்றதையும் அப்படியே சோதித்து, ஒரு ஸ்க்ரூடிரைவரோடு சேர்த்து டேஷ்போர்டு அறையில் போட்டு வையுங்கள். இப்போது வருகிற புதிதைவிடச் சோதித்த பழையது மேல்.