டட்சன் 240 இசட், போர்ஷே 911: ஃபெண்டர் ஃப்ளேர் அனுபவங்கள் (பலர் அடுத்தடுத்து எழுதியவை)

என்னிடம் இருக்கும் டட்சன் 240 இசட் வரும்போதே நான்கு சக்கரத்துக்கும் மேலே ஃப்ளேர் (அகல டயரை மூட மட்கார்டு விளிம்பில் சேர்க்கும் வளைவு) மாட்டித்தான் வந்தது. "அசல் இசட்ஜி ஃப்ளேர் சார் இது" என்றார் விற்றவர். இந்தக் கார் வாங்கப் போனவர்களில் பாதிப் பேராவது இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள்.

இசட்ஜி என்பது 1971 கடைசியில் நிசான் (டட்சன் அதன் பிராண்டுதான்) ஜப்பானில் மட்டும் விற்ற ஃபேர்லேடி 240 இசட்ஜி. பந்தய விதிகளுக்குத் தகுதி பெறுவதற்காக வந்த வகை. நீண்ட மூக்கு, திருகு வெளியே தெரியும்படி மாட்டிய ஃபைபர் ஃப்ளேர். சாதாரண 240 இசட்டின் அகலம் 1630 மிமீ, இசட்ஜி 1690 மிமீ. கூடுதல் அகலம் பக்கத்துக்கு வெறும் 30 மிமீ. என் காரின் பின்பக்கத்தில் டேப் வைத்ததுமே அதைவிட வெகு அகலம் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் அசலா நகலா என்று ஆராய என்ன இருக்கிறது?

நகல் என்பதால் மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல அச்சில் வார்த்த நகல்கள் நிறைய உண்டு. எனக்குக் கவலை தந்தது ஃப்ளேருக்கு அடியில் இருந்ததுதான். இந்தக் காரின் பின் சக்கர வளைவில் இரண்டு தகடுகள் சேர்கின்றன: வெளிப் பாடியும் உள் கூடும். அகல டயருக்காக விளிம்பை வெட்டினால் அந்த இரண்டும் பிரிந்துவிடும், மறுபடி வெல்டிங் வைத்து மூடியாக வேண்டும். முன்பு வேலை பார்த்தவர் வெட்டியிருக்கிறார், இடைவெளியில் சீலண்டைப் பிதுக்கியிருக்கிறார், மேலே ஃப்ளேரை வைத்துத் திருகிவிட்டார். சேறும் தண்ணீரும் உள்ளே போய் இறங்கி, துரு கீழ்ப் பகுதிவரை ஓடியிருந்தது. ஃப்ளேர் போட்ட கார் பார்க்கப் போகிறவர்கள் டார்ச்சோடு சக்கரத்துக்குப் பின்னால் தலையை நுழையுங்கள். வெளியே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் சரி.

* * *

மேலே சொன்னவருடைய கதை திருகு ஃப்ளேர். எங்கள் 911 பக்கம் வேறு தலைவலி. இங்கே ஃப்ளேர் இரும்புத் தகட்டிலேயே வடித்து வெல்டிங் செய்யப்பட்டிருக்கும், கோடு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. காந்தம் எடுத்து வளைவு முழுக்க மெதுவாக நகர்த்துவேன். ஓர் இடத்தில் பிடி தளர்ந்தால் அங்கே பட்டிப் பூச்சு தடியாக இருக்கிறது, சுத்தமாக ஒட்டவே இல்லை என்றால் ஃபைபர். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது.

பெயர்க் குழப்பமும் உண்டு. "ஆர்எஸ் ஃப்ளேர் வேணும்" என்று வருகிறவர்கள் மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் ஆர்எஸ்ஆர். 1973 கரேரா ஆர்எஸ் 2.7-இல் முன்னால் 6 அங்குல வீல், பின்னால் 7 அங்குலம். அதற்காகப் பின் மட்கார்டை மட்டும் கொஞ்சம் அகலமாக்கினார்கள், அவ்வளவுதான். ஆர்எஸ்ஆர் 2.8 பந்தயக் கார், அதற்கு முன்னால் 9, பின்னால் 11. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் பாருங்கள். சாலையில் ஓட்டும் காருக்கு ஆர்எஸ்ஆர் உடம்பைப் போட்டுவிட்டு 7 அங்குல வீலையே வைத்திருந்த ஒரு காரைப் பார்த்தேன். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டது மாதிரி சக்கரம் உள்ளே ஒளிந்துகிடந்தது. உரிமையாளர் அந்த இடைவெளியை நிரப்ப, வீலுக்குப் பின்னால் வைக்கும் ஸ்பேசர் தேடிக்கொண்டிருந்தார். வீலை வெளியே தள்ளத் தள்ள பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டீயரிங்கும் கனமாகி சாலைப் பள்ளங்களில் இழுக்கும். நான் சொன்னேன், கேட்டாரா தெரியாது.

* * *

அதனால்தான் முதலில் வீலும் டயரும், அப்புறம் ஃப்ளேர் என்று கத்திக்கொண்டே இருக்கிறேன். கணக்கு எளிது. ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) மாறாமல் 7 அங்குல வீலிலிருந்து 8-க்குப் போனால் வெளியே 12.7 மிமீ, உள்ளே 12.7 மிமீ. அகலம் மாறாமல் ஆஃப்செட்டை +10-இலிருந்து -10-க்குக் கொண்டுபோனால் முழு 20 மிமீயும் வெளிப்பக்கம்தான். 240 இசட்டில் உள்பக்கமும் பார்க்க வேண்டும். பின்னாலும் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) என்பதால் பெரிய ஸ்பிரிங் தட்டில் டயர் உரசும். ஒல்லியான காயில்ஓவர் ஸ்பிரிங் போட்டால் அங்கே கொஞ்சம் இடம் கிடைக்கும், அந்த அளவுக்கு வெளியே ஃப்ளேரைக் குறைக்கலாம்.

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை பம்ப் ஸ்டாப் (மேலே போய் முட்டி நிற்கும் ரப்பர்) வரை ஏற்றிப் பாருங்கள். முன்னால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பார்க்க வேண்டும். நிறுத்திவைத்த காரில் அளந்து ஆர்டர் கொடுப்பவர்கள்தான் முதல் வேகத்தடையில் டயரைக் கிழித்துக்கொள்கிறார்கள். காரைத் தாழ்த்தப் போகிறீர்கள் என்றால் தாழ்த்திய பிறகு ஃப்ளேரை வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் வளைவின் நடுவும் சக்கரத்தின் நடுவும் பொருந்தாது, அது தூரத்திலிருந்தே தெரியும்.

240 இசட்காரர்களுக்கு ஒரு வசதி: முன் மட்கார்டு போல்ட்டில் மாட்டியது. பழைய ஜோடி ஒன்று கிடைத்தால் அதை வெட்டுங்கள், அசலைத் துணி சுற்றி மேலே வைத்துவிடுங்கள். பின்னால் அந்த வழி இல்லை, அது பாடியோடு வெல்டிங் ஆனது. பின்பக்கத்தை வெட்டாமல் அடங்கும் ஃப்ளேர் எது என்று பார்த்து, முன்னால் அதற்கு ஜோடியானதை எடுப்பதுதான் என் பழக்கம்.

* * *

மாட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சேர்க்கிறேன். கையால் வார்த்த ஃபைபரில் இடதும் வலதும் கொஞ்சம் மாறும், பழைய பாடியும் அப்படித்தான். மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, வளைவின் உச்சியில் முதல் ஓட்டை போடுங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் இறங்குங்கள். ஓட்டையில் தெரியும் வெற்று இரும்பு விளிம்பில் எபாக்ஸி பிரைமர் தொட்டு வையுங்கள். ரிவெட் அடித்தால் கழற்றும்போது ஒவ்வொன்றையும் துளைத்தெடுக்க வேண்டும், ரிவ்நட்டில் (தகட்டில் பதிக்கும் மரையுள்ள நட்) ஸ்டீல் திருகு என்றால் கழற்றிக் கழுவி மாட்டலாம். திருகை அளவுக்கு மேல் முறுக்கினால் ஃபைபரில் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் வரும், அகல வாஷர் போட்டுக் கைமுறுக்கோடு நிறுத்துங்கள். பாலியுரேத்தேன் ஃப்ளேர் வளைந்துகொடுக்கும். ஆனால் பெயிண்ட்டில் நெகிழ்வு தரும் கலவை சேர்க்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் வெடிக்கும்.

ஃப்ளேருக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் பீடிங் கண்டிப்பாக வேண்டும். அது இல்லாமல் மாட்டிய காரில் ஃப்ளேர் அதிர்ந்து அதிர்ந்து பெயிண்ட்டை இரும்புவரை தேய்த்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். முதலில் எழுதிய நண்பரே, உங்கள் காரில் பீடிங் இருந்ததா?