பிள்ளை வேலைக்குப் போனால் குடும்பத்துக்கு லாபம்தானே?

நிலாமுற்றம்:
ஒரு சந்தேகம், திட்டாமல் பதில் சொல்லுங்கள். குழந்தைத் தொழிலாளர் என்று பேச்சு வந்தாலே "அந்தப் பிள்ளையின் படிப்பு போச்சே" என்கிறார்கள். சரி, புரிகிறது. ஆனால் வீட்டில் அடுப்பு எரியாதபோது பையன் நாலு காசு கொண்டுவந்தால் குடும்பம் பிழைக்கத்தானே செய்யும்? கட்டாய உழைப்பு என்று தனியாக வேறு சொல்கிறார்களே, அம்மாவுக்கு ஒத்தாசை செய்வதும் அதில் சேருமா? சமூகத்துக்கே கேடு என்பது எப்படி?

கணக்குப்பிள்ளை:
ஒத்தாசை வேறு, இது வேறு. பள்ளி விட்டு வந்து பாத்திரம் கழுவுவதை யாரும் குறை சொல்லவில்லை. கட்டாயம் என்றால் விட்டுவிட்டு வர முடியாது என்று அர்த்தம். பல இடங்களில் கடனில்தான் ஆரம்பிக்கும்: அப்பா முன்பணம் வாங்குவார், பிள்ளை உழைத்துக் கழிக்க வேண்டும், சாப்பாட்டுக்கு, தங்குவதற்கு, உடைந்த பொருளுக்கு என்று பிடித்தது போக அசல் குறையவே குறையாது. கணக்கு நோட்டோ முதலாளி கையில். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2021 மதிப்பீட்டில், உலகம் முழுக்க ஏதோ ஒரு வகைக் கட்டாய உழைப்பில் சிக்கிய குழந்தைகள் மட்டும் 33 லட்சம். மொத்தக் குழந்தைத் தொழிலாளர் 2024 கணக்குப்படி சுமார் 13.8 கோடி, நாம் ஆலையைத்தான் நினைப்போம், ஆனால் பத்தில் ஆறு பேர் விவசாயத்தில்.

குடும்பம் பிழைக்கும் என்கிறீர்களே, அங்கேதான் கணக்கு உதைக்கிறது. பாதிக் கூலிக்குப் பிள்ளை கிடைக்கும்போது அப்பாவை முழுக் கூலிக்கு யார் கூப்பிடுவார்? ஒரு வீட்டுக்கு லாபமாகத் தெரிவது, பத்து வீடு சேர்ந்து செய்யும்போது எல்லோர் கூலியையும் இறக்கிவிடும்.

பழையகுடை:
அப்பா வாங்கிய கடனுக்காக 11 வயதில் ஒரு பட்டறையில் இருந்தேன். அடி வாங்கியதெல்லாம் மறந்துவிட்டது. மறக்காதது என்னவென்றால், இன்றைக்கும் ஒரு படிவத்தை முழுசாக வாசிக்க வராது, நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். மகளின் சிகிச்சைக்கு வட்டிக்கு வாங்கியபோதும் அப்படித்தான் போட்டேன், வட்டி எவ்வளவு என்று பிறகுதான் தெரிந்தது. மூத்தவன் "நான் வேலைக்குப் போகட்டுமா" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எதிர்க்காற்று:
இவ்வளவு பேச்சு எதற்கு, சோதனை போட்டு முதலாளிகளை உள்ளே தள்ளினால் தீர்ந்தது.

கணக்குப்பிள்ளை:
தள்ளட்டும், தாராளமாக. ஆனால் அத்தோடு தீராது நண்பரே. 1990களின் தொடக்கத்தில், குழந்தைகள் கைபட்ட சரக்கைத் தடுக்கும் மசோதா ஒன்று அமெரிக்காவில் வந்ததும், வங்கதேச ஆடை ஆலைகள் பயந்துபோய் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஒரேயடியாக வெளியே அனுப்பின. அவர்கள் பள்ளிக்குப் போகவில்லை, பலர் கல் உடைக்கப் போனார்கள், சிலர் அதைவிட மோசமான இடங்களுக்கு. அப்புறம்தான் 1995இல் ஆலை முதலாளிகள் சங்கம், ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப், சர்வதேச தொழிலாளர் அமைப்பு மூன்றும் உட்கார்ந்து, பள்ளியில் இடம் கொடுத்து மாதாமாதம் உதவித்தொகையும் கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டார்கள். கடனும் வருமானமும் அப்படியே இருக்க, பிள்ளையை மட்டும் மீட்டால் அவன் வேறொரு வாசலில் போய் நிற்பான்.

நிலாமுற்றம்:
பிள்ளை போவதால் அப்பாவுக்கே வேலை இல்லாமல் போகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. பழையகுடை, மூத்தவன் இப்போது என்ன செய்கிறான்?

பழையகுடை:
ஒன்பதாம் வகுப்பு. கணக்கில்தான் கொஞ்சம் தகராறு. புதுக் கடன் பத்திரத்தை அவன்தான் எனக்கு வாசித்துக் காட்டினான்.