பிளாங்க் மேப் கோடு கோடா வருது, பால்வெளியைக் காணோம் – உதவி

வான்பித்தன்: பிளாங்க் விண்கலத்தோட 353 கிகாஹெர்ட்ஸ் முழுவான மேப்பை இறக்கி மால்வியூல (மேப்பை முட்டை வடிவப் படமா வரையிற ஹீல்பை கட்டளை) போட்டேன். நடுவுல வரவேண்டிய பால்வெளிப் பட்டையே இல்ல, படம் பூரா கிடைக்கோடு. ஃபைல் கெட்டுப்போச்சா? அவசரம்.

ரேவதி_கே: எதை வச்சுப் படிச்சீங்க? பைத்தான் நூலகத்துல ஹீல்பையா, ஆஸ்ட்ரோபையா? மொத்தம் எத்தனை வரிசை?

குவாசர்77: ஆயத்தொலைவுப் பிரச்சினைதான். எப்பவும் இதேதான். கோஆர்ட்ல சி, ஜி (வான நடுவரை முறைலேர்ந்து கேலக்டிக், அதாவது பால்வெளித் தள முறைக்கு) கொடுங்க.

ரேவதி_கே: அதுன்னா பட்டை வளையும். கோடு கோடா சிதறாது.

பழையகை: ஹெடரை, அதான் ஃபைலோட தலைப்புக் குறிப்பை, திறந்து பார்க்கிற வழக்கமே போயிடுச்சு போல. ஆர்டரிங் (பிக்சல் எண் வரிசை) வரில என்ன எழுதியிருக்கு, தம்பி?

வான்பித்தன்: நெஸ்டட். ஆஸ்ட்ரோபைலதான் படிச்சேன். 5,03,31,648 வரிசை.

பழையகை: 12 × 2048 × 2048. அப்போ ஃபைல் முழுசாத்தான் இருக்கு. இந்த மேப்போட பிக்சல் முறை ஹீல்பிக்ஸ்; அது கோளத்தை 12 சமபரப்புத் துண்டாக்கி, ஒவ்வொண்ணையும் நாலு நாலா வெட்டிக்கிட்டே போகும். நெஸ்டட்ல ஒரு துண்டு முடிஞ்சாத்தான் எண் அடுத்த துண்டுக்குத் தாவும். ரிங்ல வடதுருவத்துல தொடங்கி வளையம் வளையமா இறங்கும். நீங்க சொல்லலைன்னா மால்வியூ ரிங்னே எடுத்துக்கும். ஒரு துண்டோட எண்களை வளையத்துல நீட்டிவிட்டா கோடு வராம என்ன வரும்? நெஸ்ட்=ட்ரூ கொடுங்க. ஹீல்பையோட ரீட்_மேப்ல படிச்சா அதுவே ரிங்குக்கு மாத்தித் தரும்.

குவாசர்77: ஏசிடி (அட்டகாமா தொலைநோக்கி) குழு கார் கட்டத்துல, அதாவது அட்சரேகை-தீர்க்கரேகைச் செவ்வகக் கட்டத்துல மேப் போடுறாங்க, அதுல இந்த எண் குழப்பமே இல்ல.

ரேவதி_கே: கார்ல 60° அட்சரேகைக்குப் போனா பிக்சல் பரப்பு பாதி ஆயிடும். ஒவ்வொண்ணுக்கும் எடை போட்டாகணும்.

குவாசர்77: போட்டா என்ன? அதுலயும் பிக்சலெல்லாம் ஒரே அட்சரேகை வரிசைலதான் நிக்குது, ஃபூரியே கணக்கு ஜோரா ஓடும்.

பழையகை: கேட்டவருக்கு முதல்ல வேலை நடக்கட்டும்.

வான்பித்தன்: பட்டை வந்துடுச்சு. எம்42 (ஓரியன் நெபுலா) இடத்து மதிப்பு வேணும். ஆங்2பிக்ஸ்ல (கோணத்தைப் பிக்சல் எண்ணாக்குற கட்டளை) அதோட ஆர்ஏ, டெக் (வான நடுவரை ஆயத்தொலைவு) 83.82, -5.39 கொடுத்தா தீட்டா எல்லை மீறுதுங்குது.

ரேவதி_கே: தீட்டா வடதுருவத்துலேர்ந்து அளக்கிற கோணம், ரேடியன்ல. லான்லாட்=ட்ரூ போட்டா டிகிரியா கொடுக்கலாம். ஆனா இந்த மேப் கேலக்டிக், 209.0, -19.4 கொடுங்க. ஆர்ஏ, டெக்கை அப்படியே கொடுத்தா பிழை வராது, சிக்னஸ் விண்மீன் கூட்டம் பக்கம் போய் நிக்கும். அங்கயும் தூசி இருக்கிறதால எண்ணைப் பார்த்தா சந்தேகமே வராது. நெஸ்ட்=ட்ரூ இங்கயும் வேணும்.

குவாசர்77: ஆக, ஆயத்தொலைவுப் பிரச்சினையும் இருந்திருக்கு.